நகர வீடுகளில் விறகெரிப்பு: சட்டம் பாதி வழியில் நிற்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் வீட்டுப் பகுதியில், வரவேற்பறையில் விறகுக் கணப்பு அடுப்புப் பொருத்துவது குறித்து வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எரிவாயுக் கட்டணம் குறையும், வீட்டின் விலை கூடும், அரசின் பட்டியலில் உள்ள அடுப்பென்றால் லண்டனில் சட்டத்தடை எதுவும் இல்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. கடைசியாகச் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி அடுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாக ஹரோ, வெம்பிளி, டூட்டிங், ஈஸ்ட்ஹாம், குரொய்டன் போன்ற இடங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் வாழும் எம்மவருக்கு, அந்தச் சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

என்னைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுவது முறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த நகரத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பொய்லர் பொருத்துவதும், ரேடியேட்டர்களுக்குக் குழாய் இழுப்பதும், பழுது பார்ப்பதுமாக உழைத்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்றேன். எரிவாயுவால் பிழைத்தவன் விறகைக் குறை சொல்கிறான் என்று எவரும் நினைக்கக்கூடும் என்பதால் இதை முதலிலேயே எழுதுகிறேன். எரிவாயுவும் கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. அதற்கும் ஒரு நாள் நாம் விடைகொடுக்கத்தான் வேண்டும். இந்தக் கடிதத்தில் என் கவலை அதைவிட அருகில் இருக்கிறது: ஒரு வீட்டின் புகைபோக்கியிலிருந்து வெளியேறுவது அடுத்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போவது.

சட்டத்தில் இருப்பதை முதலில் சொல்கிறேன். லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இங்கே பழைய பாணியிலான திறந்த கணப்பில் விறகு எரிக்கக் கூடாது. விலக்களிக்கப்பட்ட அடுப்புகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் உள்ள அடுப்பில் மட்டுமே விறகு எரிக்கலாம். புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பினால் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) 175 முதல் 300 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம். அனுமதியில்லாத எரிபொருளை, விலக்குப் பெறாத அடுப்பில் எரிப்பதற்கென்று வாங்கினால் தண்டம் 1,000 பவுண்டு வரை போகலாம். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அன்றோடு பைகளில் அடைத்த வீட்டு நிலக்கரியின் விற்பனை நின்றது. 2023 மே 1 முதல் உதிரியாக விற்பதும் நின்றது. 2022 ஜனவரி முதல் புதிதாக விற்பனைக்கு வரும் அடுப்புகள், மாசு வெளியேற்றத்துக்கு வரம்பு வைக்கும் ‘எக்கோடிசைன்’ என்ற தரத்தை எட்டியிருக்க வேண்டும். இவை சிறிய காரியங்கள் அல்ல. ஈர விறகும் நிலக்கரியும் கடைகளிலிருந்து மறைந்ததால் பயன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனினும் இந்த விதிகளின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான், இன்று எது விடுபட்டுப் போயிருக்கிறது என்பது விளங்கும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையவில்லை. குளிர்ந்த காற்று நிலத்தோடு ஒட்டிக் கிடக்க, அதற்கு மேலே வெப்பக் காற்று மூடிபோல் கவிந்துகொள்ள, இலட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகளும் ஆலைகளும் கக்கிய நிலக்கரிப் புகை ஐந்து நாள் அந்த மூடிக்குக் கீழேயே தேங்கி நின்றது. நான்காயிரம் பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கையைப் பன்னிரண்டாயிரம் வரை உயர்த்தின. சர் ஹியூ பீவர் தலைமையிலான குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஜெரால்ட் நபாரோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்து அரசை நெருக்கினார். 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது அதன் நேர்மையை. ஒரு தெருவைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தால், அங்கு குடியிருப்பவர் தம் கணப்பை மாற்றியமைப்பதற்கான நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். ‘எரிக்காதே’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், வேறு விதமாகக் குளிர்காய வழி செய்தும் கொடுத்தார்கள். நான் வேலைக்குப் போன பழைய வீடுகளில் அந்தக் காலத்தின் தடயங்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். செங்கல் வைத்து அடைத்த கணப்பு வாய்கள், சுவருக்குள் பயனற்று நிற்கும் புகைக்கூண்டுகள், நிலக்கரி மூட்டைகளைக் கொட்டுவதற்காக நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடிகள். ஒவ்வொரு அடைப்பும் ஒரு குடும்பம் தன் பழக்கத்தை அண்டைவீட்டாருக்காக விட்டுக்கொடுத்ததன் அடையாளம் என்று அந்த வீடுகளில் வேலை செய்யும்போது எனக்குத் தோன்றும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக, அதே அடைப்புகளை உடைத்துத் திறப்பதற்கு மக்கள் காசு கொடுக்கிறார்கள். 2022இல் உக்ரைன் போரையொட்டி எரிவாயு விலை ஏறியபோது அந்த வேகம் இன்னும் கூடியது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. குறிப்பிடத்தக்க புகையின்றி எரிக்கும் ஆற்றல் உள்ள கணப்புகளுக்குக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பது அது. நிலக்கரிதான் பகை என்றிருந்த காலத்தில் எழுதிய அந்தச் சிறு விலக்கு, இப்போது நகரத்துக்குள் விறகு திரும்பி வரும் பெருவாசலாகிவிட்டது. அடுப்பின் பெயர் பட்டியலில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். அந்த அடுப்பை யார், எப்படி, எந்த நேரத்தில் எரிக்கிறார், அதிலிருந்து போவதை யார் சுவாசிக்கிறார் என்ற கேள்விகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

சோதனைச்சாலையில் ஓர் அடுப்பைச் சோதிக்கும்போது நன்றாகக் காய்ந்த, ஒரே அளவில் வெட்டிய விறகைப் போட்டு, புகைபோக்கியின் இழுவை சரியாக அமைந்த நிலையில், பழகிய கையால் எரிக்கிறார்கள். வீட்டில் நடப்பது வேறு. தோட்டத்தில் விழுந்த கிளையை நறுக்கிப் போடுகிறவர் உண்டு. பழைய கதவையும் ஜன்னல் சட்டத்தையும் வர்ணத்தோடு போடுகிறவர் உண்டு. இரவு படுக்கப் போகும்போது விறகை நிறைய அடுக்கி, காற்றுத் துவாரத்தை மூடி, விடியும்வரை கனன்றுகொண்டிருக்கச் செய்கிறவர்கள் மிகப் பலர். எங்கள் ஊரில் அம்மா சாம்பலுக்குள் தணலை மூடிவைப்பதுபோல இது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் காற்றுப் போதாமல் கனலும் விறகு முழுதாக எரியாது. எரியாமல் மிஞ்சியதெல்லாம் புகையாக, தாராகக் குழாயிலும் காற்றிலும் போய்ச் சேரும். பட்டியலில் உள்ள அடுப்புக்கும் இந்த விதி பொதுவானதே.

ஒரு வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இடத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்க்கிறேன். வடமேற்கு லண்டனில் வரிசை வீடொன்றில் வசிக்கும் தமிழ்க் குடும்பம், தங்கள் வீட்டுக் கார்பன் மோனாக்சைட் எச்சரிக்கைக் கருவி இரவில் அலறுகிறது என்று என்னை அழைத்தது. பொய்லரை முழுதாகப் பிரித்துச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை. மறுநாள் இரவு மீண்டும் அலறியது. மூன்றாம் நாள்தான் மேல்மாடிப் படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சுடச்சுட இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான புகைக்கூண்டு அது. பக்கத்து வீட்டார் அந்த மாரியில் (குளிர்காலத்தில்) புதிதாக ஒரு விறகு அடுப்புப் பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவர் எஃகுக் குழாயைக் கூண்டின் உச்சிவரை இழுக்காமல் இடையிலேயே விட்டிருந்ததால், நூறாண்டு பழைய செங்கல் இடுக்குகளின் வழியே நச்சு வாயு இந்தப் பக்கம் கசிந்திருக்கிறது. அந்த அறையில் தொய்வு (ஆஸ்துமா) உள்ள ஏழு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டார் நல்லவர்கள்; சொன்னவுடன் பதறிப்போனார்கள்; அடுப்பு பட்டியலில் உள்ளது என்று காகிதத்தையும் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் காகிதத்தில் எந்தப் பொய்யும் இல்லை.

குழாயைச் சரிசெய்த பிறகு கருவி அலறுவது நின்றது. ஆனால் குளிர் கூடிய, காற்று வீசாத மாலைகளில் அந்த வீட்டுக்குள் புகை மணம் வருவது நிற்கவில்லை. குடும்பத்தார் கவுன்சிலுக்கு எழுதினார்கள். நாள், நேரம், எவ்வளவு நேரம் புகை இருந்தது என்று குறித்துவைக்கச் சொல்லித் தாள்கள் அனுப்பப்பட்டன. மூன்று வாரம் கழித்து, வேலைநாள் ஒன்றின் முற்பகலில் அலுவலர் வந்து பார்த்தபோது புகைபோக்கியில் ஒன்றும் தெரியவில்லை. பகல் பதினொரு மணிக்கு யார் கணப்பு மூட்டுவார்கள்? அந்த அலுவலரை நான் குறை சொல்லவில்லை. கண்ணால் காணும் புகையை அளவுகோலாக வைத்த ஒரு சட்டத்தை, இருட்டிய பிறகு எரிகிற நெருப்பின் மேல் பகல்நேர ஊழியரைக் கொண்டு நடைமுறைப்படுத்தும்படி விட்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் இதே நிலைதான். கவுன்சில்களுக்கு வரும் புகார்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இருக்க, விதிக்கப்படும் தண்டங்களோ மிகச் சில.

கண்ணுக்குத் தெரியும் புகை பாதிக் கதைதான். பி.எம். 2.5 என்று அழைக்கப்படும் நுண்துகள் தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் கடைசி அறைவரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதன் ஆண்டுச் சராசரிக்குப் பரிந்துரைத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இங்கிலாந்தின் சட்டம் 2040ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டுமென்று வைத்திருக்கும் இலக்கு 10. இந்த நாட்டில் நேரடியாக வெளியேறும் இத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் எரிக்கும் விறகு, நிலக்கரி போன்றவற்றிலிருந்து வருகிறது. விறகோ பிற திண்ம எரிபொருளோ வீட்டுக்குள் எரிப்பவர்கள், அரசு 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, நூற்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆண்டறிக்கை, எக்கோடிசைன் தரத்து அடுப்பும்கூட எரிவாயு வெப்பமூட்டலைவிட 450 மடங்கு நச்சுத் துகளை வெளிவிடுகிறது என்று காட்டியது. விற்பனையாளர்கள் புதிய அடுப்பைப் பழைய அடுப்போடு ஒப்பிட்டுத் தூய்மையானது என்கிறார்கள். அந்த ஒப்பீடு சரியாக இருக்கலாம். ஆனால் அதை வாங்குகிற வீட்டில் பெரும்பாலும் எரிவாயுப் பொய்லர் ஒன்று ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒப்பிட வேண்டியது அதோடுதான்.

அடுப்பு வைத்திருப்பவரும் தப்புவதில்லை. ஷெஃபீல்ட் நகரில் பத்தொன்பது வீடுகளில் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், அடுப்பு எரியும் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே நுண்துகள் ஏறத்தாழ மூன்று மடங்காவது தெரியவந்தது. விறகு போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் துகள் அறைக்குள் கொட்டுகிறது. மழலைகள் தவழும் வரவேற்பறையில்தான் நாம் அதை வைக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று அறிவேன். லண்டன் காற்றைக் கெடுப்பது வாகனங்கள்தானே என்பார்கள். வாகனங்களின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. லூயிஷம் பகுதியில் 2013இல் ஒன்பது வயதில் ஆஸ்துமாவால் இறந்த, எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தபோது, அதில் முதன்மையாகச் சொல்லப்பட்டது வீதிப் போக்குவரத்தே. ஆனால் வாகனங்கள் மேல் சட்டம் எவ்வளவு இறுகிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா நகரப் பகுதிகளிலும், தரத்தை எட்டாத வாகனம் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். என் டீசல் வேனை அதனால்தான் விற்றேன். கடை வைத்திருக்கும் எம்மவர், சந்தைக்கு விடியற்காலையில் போய்வருகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள் எத்தனையோ பேர் கடன் வாங்கி வண்டி மாற்றினார்கள். எனக்கு அது வலித்தது. என்றாலும் பிள்ளைகளின் மூச்சுக்காக என்றால் சரி என்று ஏற்றுக்கொண்டேன். பிழைப்புக்காக ஓடும் வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமை சட்டத்துக்கு உண்டென்றால், அழகுக்காக எரியும் கணப்பை நிறுத்தச் சொல்லும் உரிமை அதற்கு ஏன் இல்லை? லண்டன் நகரத் தந்தை சாதிக் கான் விறகு எரிப்பைக் கட்டுப்படுத்தக் கூடுதல் அதிகாரம் வேண்டுமென்று 2017இலேயே அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மைக்கேல் கோவுக்கு எழுதிக் கேட்டார். கேட்ட அதிகாரம் அவர் கைக்கு வரவில்லை.

அழகுக்காக என்று நான் எழுதியது கடுமையான சொல்லாகப் படலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் நகரக் காற்றில் விறகுப் புகைக்கே உரிய வேதிப்பொருளைத் தனியே பிரித்து அளந்தபோது, அது வார இறுதி நாட்களில் கூடுவதைக் கண்டார்கள். குளிர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. மேலும், மேலே சொன்ன அரசின் ஆய்வில், வீட்டுக்குள் எரிப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் உயர் வருவாய்ப் பதவிகளில் இருப்பவர்கள் என்று வந்தது. ஆகவே விறகு ஏழைகளின் எரிபொருள் என்ற பேச்சை லண்டனில் எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும்.

எச்சரிக்கையோடு என்றேனே தவிர, அப்படி ஏழைகள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. எரிவாயு இணைப்பு இல்லாதவர்கள், கால்வாய்ப் படகுகளில் குடியிருப்பவர்கள், மின்கட்டணத்துக்கு அஞ்சி ஒரே அறையில் ஒடுங்கி வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு நெருப்பை அணைத்துவிட்டுக் கைவிரிக்கும் சட்டம் எனக்கு வேண்டாம். இங்கேதான் 1956இன் ஏழு பங்கு நினைவுக்கு வருகிறது. வெப்பப் பம்பு (வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துத் தரும் மின்கருவி) பொருத்துவோருக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. ஆனால் மீதிச் செலவைப் போடக் கையில் பணம் உள்ளவருக்குத்தான் அது பயன்படுகிறது. விறகைத் தவிர வேறு வழியில்லாதவருக்கு முழுச் செலவையும் கொடுத்து மாற்றித் தருவதே நியாயம்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குப் போலந்தின் கிராக்கோவ் நகரத்தைக் காட்டுவேன். நிலக்கரியும் விறகும் எரித்து ஐரோப்பாவிலேயே மிக மோசமான மாரிக்காலக் காற்றைச் சுவாசித்த நகரங்களில் ஒன்று அது. அங்குள்ள மாகாணச் சபை 2013இல் தடை விதித்தது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பொதுமக்கள் ஓயவில்லை. 2015இல் நாட்டுச் சட்டமே திருத்தப்பட்டு, 2016 ஜனவரியில் சபை மறுபடியும் தடையை நிறைவேற்றியது. 2019 செப்டம்பர் 1 முதல் நகர எல்லைக்குள் நிலக்கரியும் விறகும் எரிப்பது முற்றாக நின்றது, வீட்டுக் கணப்பு உட்பட. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய அடுப்புகளை மாற்ற நகர நிர்வாகம் மானியம் கொடுத்துக்கொண்டே வந்தது. நம்மைவிடக் குளிர் கூடிய, நம்மைவிட வருமானம் குறைந்த நகரம் அது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் 2008 முதல், காற்று கெடும் என்று எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் கணப்பில் விறகு எரிக்கக் கூடாது. வேறு வெப்பமூட்டல் இல்லாத வீடுகளுக்கு விலக்கு உண்டு.

ஆகவே நான் கேட்பது இது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள், வேறு வெப்பமூட்டல் உள்ள வீடுகளில் புதிதாக விறகு அடுப்புப் பொருத்துவதை, அது எந்தப் பட்டியலில் இருந்தாலும், சட்டம் தடுக்க வேண்டும். ஏற்கெனவே பொருத்தியவர்கள் சட்டத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் என்பதால் அவர்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் தரலாம். ஆனால் காற்று தேங்கி நிற்கும் நாட்களில் எரிக்கக் கூடாதென்ற ஆணை இந்த மாரியிலேயே வரலாம், அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கிராமங்களை இதில் சேர்க்கவில்லை. ஸ்கொட்லாந்து 2024இல் புதிய வீடுகளில் விறகு அடுப்புக்கு விதித்த தடையைக் கிராம மக்களின் எதிர்ப்பால் அதே ஆண்டிலேயே தளர்த்த நேர்ந்தது. மின்சாரம் அடிக்கடி அறுந்துபோகும், அடுத்த வீடு அரை மைல் தள்ளியிருக்கும் ஊரின் நிலை வேறு. லண்டனில் அடுத்த வீடு ஒரு செங்கல் தள்ளியிருக்கிறது.

விறகுப் புகையின் மணம் எம்மவரில் பலருக்கு ஊரை நினைவூட்டும், எனக்கும் அப்படித்தான். எங்கள் குசினியில் அம்மா விடியற்காலையில் தேங்காய்ப் பொச்சும் தென்னம்பாளையும் வைத்துப் பற்றவைத்து, கண் சிவக்கச் சிவக்க ஊதுகுழலால் ஊதுவதைப் பார்த்தே வளர்ந்தேன். கடைசிக் காலத்தில் அவரை இங்கே அழைத்து வந்தபோது, நான்கு படி ஏறவே மூச்சு வாங்கினார். நுரையீரலைச் சோதித்த மருத்துவர், எத்தனை ஆண்டுகள் புகைபிடித்தார் என்று கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா திகைத்து, “என்ர கையால சுருட்டைக்கூடத் தொட்டதில்லை எண்டு சொல்லு” என்றார். மருத்துவர் அடுத்துக் கேட்டது எந்த அடுப்பில் சமைத்தார் என்று. அம்மாவுக்கு வேறு அடுப்பு இருக்கவில்லை. சுவரில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் வீடு முழுதும் சூடாகும் வசதி வந்த பிறகு, அந்தப் புகையை நாமே காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருவதைக் காணும்போது எனக்குத் தாங்க முடியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை வெளியான அதே பக்கத்தில், அதே அளவில், புகைக் கட்டுப்பாட்டு விதிகளையும், புகையால் பாதிக்கப்படுவோர் கவுன்சிலுக்கு எப்படி முறையிடுவது என்பதையும் தமிழில் வெளியிடுங்கள். எம் முதியவர்கள் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. புகை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். விதிகளைத் தமிழில் சரிபார்த்துத் தரவும், தொழில்நுட்பச் சொற்களை விளக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நான் மேலே குறிப்பிட்ட குடும்பம், சென்ற மாரியில் நிரப்பிய தாள்களின் நகலைப் பெயரில்லாமல் தங்களுக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறது, இத்துடன் இணைத்துள்ளேன். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்ற கட்டங்களைத் தாய் நிரப்பியிருக்கிறார். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. அதில் பல நாட்களுக்கு எதிரே, பிள்ளை அன்றிரவு எத்தனை முறை மருந்தை உள்ளிழுத்தாள் என்ற எண் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெப்பமூட்டல் தொழிலாளி ஒருவர்,
ஹரோ, லண்டன்